மூச்சோடு வரும் ககரம்: ரொறன்ரோத் தமிழ்ப் பிள்ளைகளின் உச்சரிப்பு எங்கே மாறுகிறது?

‘ரொறன்ரோ’ என்று நாங்கள் எழுதினால் தமிழ்நாட்டு நண்பர்கள் ஒரு கணம் தடுமாறுவார்கள். அவர்களுக்கு அது ‘டொராண்டோ’. ரகரத்தில் தொடங்குகிற ஊர் எதுவென்று யோசித்து, கண்டுபிடித்து, பிறகு சிரிப்பார்கள். ‘ரிக்கற்’, ‘ரீவி’, ‘கொம்பியூற்றர்’, ‘மொன்றியல்’ எல்லாவற்றுக்கும் இதே சிரிப்புத்தான். ஆனால் அந்த எழுத்துக்கூட்டலுக்குள் ஒரு நுட்பமான காது இருக்கிறது.

தகரம் நாக்கு நுனி பல்லில் படும்போது பிறக்கிறது. டகரம் நாக்கை மேலே வளைத்து அண்ணத்தைத் தொடும்போது பிறக்கிறது. ரொறன்ரோவின் ஆங்கில முதலெழுத்தான ‘ரி’க்குரிய ஒலி இரண்டுக்கும் நடுவில், மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால், பல்லீறாகிய முரசில் நாக்கு ஒற்றுகிற இடத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டுக் காது அதை டகரத்தோடு சேர்த்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் காதுக்கோ அந்த நடு இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. ‘வெற்றி’, ‘குற்றம்’, ‘பற்றி’ ஆகிய சொற்களில் வரும் இரட்டை றகரத்தைத் தமிழ்நாட்டில் வாசிக்கும்போது கடைசியில் ஒரு ரகரம் உருளும். யாழ்ப்பாணத்தில் அது உருளாத, சுத்தமான ஒற்று. தொல்காப்பியர் பிறப்பியலில் றகர னகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை ‘ஒற்ற’ வேண்டும் என்றும், ரகர ழகரங்களுக்கு ‘வருட’ வேண்டும் என்றும் வினைச்சொல்லை மாற்றிப் போட்டிருக்கிறார். அந்த ஒற்று எங்கள் பேச்சில் மிஞ்சியிருந்ததால், ஆங்கில ‘ரி’ வந்து கதவைத் தட்டியபோது றகர வீட்டிலேயே அதற்கு இடம் கிடைத்தது. சொல்லின் முதலில் றகரம் வராது என்பதால் அங்கே ரகரம் போட்டுச் சமாளித்தோம்.

ஒலி ஒன்றுதான். அதைக் கேட்ட தமிழ்க் காதுகள் இரண்டும் வெவ்வேறு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தன. இரண்டு மொழிகள் ஒரு வாய்க்குள் சந்திக்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்: புதிதாக வருகிற ஒலியைப் பழைய ஒலியொன்றின் பக்கத்தில் உட்காரவைப்பது. கனடாவில் பிறந்த பிள்ளைகளிடம் அதே வேலை திசை மாறி நடக்கிறது. அவர்களுக்கு வீடு ஆங்கிலம். வந்து கதவைத் தட்டுவது தமிழ்.

1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கு வந்தவர்கள், 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேர், அதன்பின் போரின் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து சேர்ந்தவர்கள் என்று முதல் தலைமுறையின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து நகரமான மார்க்கத்திலும் வளர்கிறார்கள். முதல் மூன்று நான்கு வயதுவரை வீட்டில் தமிழ், பிறகு பள்ளிக்கூடம், பிறகு ஆங்கிலமே கைக்கு நெருக்கமான மொழி. இப்படி வீட்டில் கேட்டு வளர்ந்து, பின்னர் வேறொரு மொழியில் பலம் பெற்றவர்களை மொழியியலாளர்கள் மரபு மொழி பேசுவோர் என்கிறார்கள். இவர்களைப் பற்றி ஊரிலிருந்து வரும் அம்மம்மாவோ, தமிழ் வகுப்பு ரீச்சரோ சொல்கிற முதல் குறை அநேகமாக ஒன்றுதான். “பிள்ளைக்கு ழகரம் வருதில்லை.”

இந்தக் குறையை நான் நம்புவதில்லை. சொல்பவர்கள் ‘யாழ்ப்பாண’த்தை ‘யாப்பாணம்’ என்றும், வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ என்றும் சொல்லி வளர்ந்தவர்கள். இலங்கைத் தமிழ்ப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு கலந்து வெகுகாலம். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் அப்படியே. சென்னையில் அது யகரமாகி ‘வாயப்பயம்’ ஆனது. பிள்ளையின் காதில் விழாத ஒலி பிள்ளையின் வாயில் வராததற்கு ஆங்கிலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. உண்மையில், கனடியப் பிள்ளைக்கு ழகரம் கொஞ்சம் இலவசமாகவே கிடைக்கிறது. வட அமெரிக்க ஆங்கிலத்தின் ‘ஆர்’ ஒலியில் நாக்கு எங்கும் தொடுவதில்லை. பின்னுக்கு இழுபட்டோ மடிந்தோ நடுவாயில் மிதக்கிறது. ஸ்ரீகாந்த் நாராயணனும் இன்னும் இருவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகியவற்றை வாய்க்குள்ளே காந்த அதிர்வுப் படமெடுத்து ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். ழகரமும் அந்த ஆங்கில ‘ஆர்’ஓடு உறவு கொண்டாடக்கூடிய ஒலிதான், இரண்டிலும் ஒலியின் பலம் குவிகிற அலைவரிசைப் பட்டைகளில் மூன்றாவது நன்றாகக் கீழே இறங்கும். ஆகவே தமிழ் வகுப்பில் ரீச்சர் ‘பழம்’ என்று சொல்லிக்கொடுத்தால், அந்த ஆங்கில நாக்கை எடுத்து வைத்து அம்மம்மாவைவிட நல்ல ழகரம் சொல்லிவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கின பாராட்டோடு வீட்டுக்கு வந்து அதே பிள்ளை ‘மரம்’ என்று சொன்னால் அது ‘மழம்’ என்று கேட்கும். அங்கேதான் மாற்றம் நடந்திருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை.

மாறுகிற இடங்களில் முதலாவது மூச்சு.

ஒரு சிறு பரிசோதனை. மெல்லிய கடதாசித் துண்டொன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பாட்டு’ என்று சொல்லுங்கள். கடதாசி அசையாது. ஊரிலே பிறந்த ஒருவர் சொன்னால் அசையவே அசையாது. இப்போது கனடாவில் பிறந்த ஒருவரிடம் ஆங்கிலத்தில் ‘பார்க்’ என்று சொல்லச் சொல்லுங்கள். கடதாசி துள்ளும். உதடு திறந்த பிறகு குரல்நாண்கள் அதிரத் தொடங்குவதற்கு முன் ஒரு பொட்டு மூச்சு வெளியே போகிறது. அந்த இடைவெளியை மில்லி செக்கனில் அளக்கலாம். லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் என்ற இருவர் 1964-இல் பதினொரு மொழிகளை அளந்து இந்த அளவுகோலைப் பிரபலமாக்கினார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் வல்லினங்களில் அந்த இடைவெளி சராசரியாக 60 முதல் 80 மில்லி செக்கன் வரை போகிறது. தமிழின் ப, த, க மூன்றும் 25-க்குள் முடிந்துவிடுகின்றன.

ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு. இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ‘கடை’ என்ற சொல்லில் அந்தப் பொட்டு மூச்சு சேர்ந்துவிட்டால், சொன்னவர் வெளிநாட்டில் வளர்ந்தவர் என்பதை ஊர்க்காது அடுத்த அசை வருவதற்கு முன்னரே கண்டுபிடித்துவிடும். என்ன பிழை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “ஒரு மாதிரி வெள்ளைக்காரத் தமிழ்” என்பார்கள். தமிழ் எழுத்தில் இந்த மூச்சைக் காட்ட அடையாளமே இல்லை. ஆகவே தமிழ் வகுப்புப் புத்தகத்திலும் அதற்கு ஒரு பாடம் இல்லை.

பிள்ளை ஏன் மூச்சைச் சேர்க்கிறது? சோம்பலினால் இல்லை. ஆங்கிலத்தில் ‘பார்க்’கையும் ‘பஸ்’ஸையும் பிரிப்பது முக்கியமாக அந்த மூச்சுத்தான். ‘பஸ்’ஸின் முதல் ஒலியில் ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் குரலை முன்கூட்டியே அதிரவைப்பதில்லை; மூச்சில்லாமல் உதட்டைத் திறந்துவிடுகிறார்கள். அதாவது, அளவுகோலில் பார்த்தால், எங்கள் ‘பாட்டு’ ஆங்கிலக் காதில் ‘பஸ்’ஸின் பக்கத்தில் போய் விழும். ஆங்கிலத்தால் பழகிய பிள்ளை, தான் சொல்வது ‘பார்க்’கின் பகரம்தான் என்பதைக் காட்ட மூச்சைக் கொடுக்கிறது. அதனுடைய கணக்கில் அது சரியான காரியம். இதில் வேடிக்கை என்னவென்றால், மூச்சில்லாத பகரம் பிள்ளைக்குத் தெரியாதது இல்லை. ‘ஸ்பூன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது ஸகரத்துக்குப் பின்னால் வரும் பகரத்தில் மூச்சு கிடையாது. கடதாசியை வைத்துப் பாருங்கள், அசையாது. தமிழுக்குத் தேவையான ஒலி பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது. அது தப்பான பெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது.

இதே வேடிக்கை ரகரத்திலும் உண்டு. கனடியர் ஆங்கிலத்தில் நகரம் என்பதற்கான ‘சிற்றி’யைச் சொல்லும்போது நடுவிலுள்ள ‘ரி’ ஒலியை ஒற்றுவதில்லை, நாக்கால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது தமிழின் ரகரமேதான். ஸ்காபரோப் பிள்ளை ‘சிற்றி’ என்று சொன்னால் ஊரிலிருந்து வந்தவர் ‘சிரி’ என்று கேட்டு, என்ன பகிடியோ என்று சிரிக்கக்கூடும். ஆனால் அதே பிள்ளையிடம் தமிழில் ‘சிரி’ என்று சொல்லச் சொன்னால், அந்தத் தட்டு வராது. நாக்கை மடித்து ஆங்கில ‘ஆர்’ வரும். ஏனென்றால் பிள்ளையின் மனதில் ரகரத்துக்குச் சோடி ‘ஆர்’ எழுத்து. வாய் செய்கிற வேலையைப் பார்த்து அது சோடி சேர்க்கவில்லை. ஒலிக்கு ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேர்த்திருக்கிறது.

அமெரிக்க ஒலியியலாளர் ஜேம்ஸ் ஃபிளெகி இந்தச் சோடி சேர்த்தலைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்டது சாதாரணப் புத்திக்கு எதிரானது. முற்றிலும் புதிய ஒலி அவ்வளவு ஆபத்தானதில்லை. அதற்கு மனம் தனியறை கட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து, கிட்டத்தட்ட ஒத்த ஒலியில்தான். இரண்டு மொழியின் தகரங்களையும் ‘ஒன்றுதானே’ என்று மனம் ஒரே அறையில் போட்டுவிட்டால், அந்த அறைக்குள் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். 1987-இல் வந்த அவருடைய ஆய்வில் பரிஸில் நெடுங்காலம் வாழ்ந்த அமெரிக்கப் பெண்களும், சிக்காகோவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்களும் இருந்தார்கள். இரு தரப்பாரும் தாய்மொழியில் பேசும்போதுகூட அவர்களுடைய மூச்சு இடைவெளி மற்ற மொழியை நோக்கி நகர்ந்திருந்தது. பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். இவர்கள் வளர்ந்த பெண்கள். தாய்மொழியை முழுதாகக் கற்று முடித்தபிறகு வேறு நாட்டுக்குப் போனவர்கள்.

இன்னும் கூர்மையான சான்று ஒரே ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது. போர்த்துக்கேய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிரேசில் மாணவி ஒருத்தி, படிப்புக்காக அமெரிக்காவுக்கும் ஊருக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். மிச்செல் சான்சியரும் கரோல் ஃபௌலரும் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அவளுடைய இரண்டு மொழிகளையும் பதிவு செய்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். சில மாதங்கள் அமெரிக்காவில் இருந்துவிட்டால் இரண்டு மொழியிலும் மூச்சு நீண்டது. பிரேசிலில் இருந்துவிட்டு வந்தால் இரண்டிலும் குறுகியது. அமெரிக்காவிலிருந்து வந்த புதிதில் அவள் பேசிய போர்த்துக்கேயத்தில் ஏதோ மாறியிருப்பதை அவளுடைய மொழிக்காரர்களால் கேட்டுச் சொல்லவும் முடிந்தது. கொரிய மொழி கற்கத் தென்கொரியாவுக்குப் போன அமெரிக்கர்களுடைய ஆங்கிலமே முதற்சில கிழமைகளுக்குள் நகர்ந்துவிட்டதைச் சார்ள்ஸ் சாங் 2012-இல் காட்டினார். ஆக, ஸ்காபரோவில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்த அப்பாவின் ‘க’ எண்பத்துமூன்றாம் ஆண்டின் ‘க’வாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. கனடாவில் குடியேறிய ஜேர்மானியர்களுடைய ஜேர்மன் பேச்சை ஜேர்மனியிலிருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, சிலரை ‘இவர் எங்களவர் இல்லை’ என்றே கேட்டவர்கள் தீர்மானித்தார்கள் என்பதை எஸ்தர் டி லேயுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை கேட்டு வளர்வது இந்த ஏற்கெனவே நகர்ந்த தமிழைத்தான். மாற்றத்தின் முதல் அடியைப் பெற்றோரே எடுத்துவைத்திருக்கிறார்கள்.

இனி, யாழ்ப்பாணத் தமிழுக்கென்றே உள்ள ஒரு சிக்கல். பத்து, பற்று, பட்டு. மூன்று சொல், மூன்று ஒற்று, நாக்குக்கு மூன்று இடம். உலக மொழிகளில் இப்படிப் பல், முரசு, வளைநா என்று மூன்று படிகளில் ஒற்று வைத்திருப்பவை குறைவு. ஆங்கிலத்துக்கு நடுப்படி மட்டும்தான் சொந்தம். பத்துவின் தகரத்துக்கு ஆங்கிலத்தில் ‘அது’ என்ற பொருளில் வரும் ‘தற்’ போன்ற சொற்களில் வருகிற பல்லொலி கொஞ்சம் பிடிமானம் தருகிறது. பட்டுவுக்கு எதுவும் இல்லை. நாக்கை வளைக்கிற பழக்கம் ஆங்கிலத்தின் வல்லினத்தில் கிடையாது. ஆகவே டகரம் மெதுவாக முன்னுக்கு வழுகி முரசில் வந்து நிற்கிறது. என் காதில் விழுந்தவரை பல பிள்ளைகளின் ‘பட்டு’ம் ‘பற்று’ம் ஒரே இடத்தில்தான் ஒற்றுகின்றன. ‘வெட்டி’ப் பேச்சும் ‘வெற்றி’ப் பேச்சும் ஒன்றாகிவிடுகிற அந்த நாளைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் ‘பற்று’வுக்குப் பின்னால் ரகரம் உருண்டு காப்பாற்றிவிடும். ஒரே ஆங்கிலம்தான். அது எந்த ஊர்த் தமிழைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்துச் சேதாரம் மாறுகிறது.

இரட்டிப்பையும் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய்யை நீட்டி வைத்தால் பொருள் மாறுவதில்லை. தமிழில் ‘புளி’யும் ‘புள்ளி’யும், ‘பலி’யும் ‘பல்லி’யும் நீளத்தால் மட்டுமே பிரிகின்றன. ‘படு’, ‘பட்டு’ போன்ற வல்லினச் சோடிகளுக்கு வேறு துணை உண்டு: ஒற்றை டகரம் உயிர்களுக்கிடையில் மெலிந்து குரலோடு ஒலிக்கும், இரட்டை டகரம் அப்படி ஒலிக்காது. நீளம் தவறினாலும் பொருள் தப்பிவிடும். லகர ளகர னகரங்களுக்கு அந்தத் துணை இல்லை. ஆகையால் இந்த நீள வேறுபாடு முதலில் குழம்பிப்போவது அங்கேதான் என்று எதிர்பார்க்கலாம். குழம்புக்குப் ‘புள்ளி’ போடச் சொன்ன பிள்ளைகளின் கதை புலம்பெயர்ந்த வீடுகளில் சாதாரணம். உயிர்களின் குறில் நெடில் இந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. ‘பல்’, ‘பால்’ வித்தியாசத்தைப் பிள்ளைகள் நன்றாகவே காப்பாற்றுகிறார்கள். ஆனால் அழுத்தம் விழாத அசையின் உயிரைக் கரைத்துவிடும் ஆங்கிலப் பழக்கம் நீண்ட சொற்களில் எட்டிப்பார்க்கும். ‘மரக்கறி’யில் நடு அகரம் எங்கேயோ போய்விடும்.

இதோடு ஆங்கில எழுத்து செய்கிற வேலையும் இருக்கிறது. இதைப் பற்றி நாங்கள் குறைவாகவே கதைக்கிறோம். பிள்ளைகள் தமிழைப் பார்ப்பது பெரும்பாலும் வட்ஸ்அப்பில், ஆங்கில எழுத்தில். தங்கள் பெயரையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ழகரத்துக்கு ‘இஸட் எச்’ என்று போடுகிற வழக்கம் தமிழ் தெரிந்தவருக்கு வசதி. தெரியாதவர் அதை வாசித்தால் ‘யாழினி’யின் நடுவில் ‘மெஷர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவொலி வந்துவிடும். வகுப்பில் பதினைந்து வருடம் அப்படியே கூப்பிடப்பட்ட பெண், கடைசியில் தன்னை அறிமுகப்படுத்தும்போதும் அப்படியே சொல்கிறாள். கவிதா என்ற பெயருள்ள பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலெழுத்துக்கு மூச்சும், தகரத்துக்கு பல்லிடுக்கில் காற்று உரசும் ஆங்கில ஒலியும் கொடுத்துப் பேர் சொல்லும். வீட்டுக்கு வந்தபின் அம்மம்மா “ஆர் பிள்ளை கதைக்கிறது?” என்று போனில் கேட்டால், மூச்சும் இல்லை உரசலும் இல்லை, சுத்தமான ‘கவிதா’. ஒரு மனுசி, ஒரு பெயர், இரண்டு உச்சரிப்பு. இரண்டையும் பிசகாமல் மாற்றி மாற்றிச் சொல்லத் தெரிகிற பிள்ளையைப் பார்த்து ‘உச்சரிப்புப் போய்விட்டது’ என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. சார்ள்ஸ் சாங்கும் அவருடைய சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வளர்ந்த மண்டரின் மரபு மொழியினரை, அந்தச் சீன மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களோடும், வகுப்பில் மண்டரின் கற்ற அமெரிக்கர்களோடும் ஒப்பிட்டார்கள். ஒரு மொழிக்குள் உள்ள ஒலி வேறுபாடுகளையும், இரண்டு மொழிகளிலும் உள்ள ஒத்த ஒலிகளுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாட்டையும் சேர்த்துக் காப்பாற்றியதில் முன்னால் நின்றவர்கள் மரபு மொழியினர்தான். பிந்தி இரண்டாம் மொழி கற்றவர்கள் ஒரு மொழியின் ஒலியை மற்றதற்கு வைத்து ஓட்டினார்கள். மரபு மொழியினர் தனித்தனி அறைகள் கட்டியிருந்தார்கள். அதற்கு முன் 2002-இல் ரெரி ஔ என்பவரின் குழு லொஸ் ஏஞ்சல்ஸில் இன்னொன்றைக் காட்டியது. சிறு வயதில் ஸ்பானிய மொழியைச் சுற்றிக் கேட்டதோடு சரி, பேசியதில்லை என்ற மாணவர்கள் பிறகு பல்கலைக்கழகத்தில் அதைப் படிக்க வந்தபோது, இலக்கணத்தில் மற்ற மாணவர்களைவிட எந்த முன்னிலையும் இல்லை. உச்சரிப்பில் மட்டும் அவர்கள் ஊர்க்காரருக்கு அருகில் நின்றார்கள். மொன்றியலில் நடந்த ஆய்வு ஒன்று இன்னும் வியப்பானது. சீனாவிலிருந்து கைக்குழந்தைகளாகத் தத்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சீனச் சுரத்தை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றுகிற குரல் ஏற்ற இறக்கத்தைக் கேட்கவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். சீன மொழியில் ஒரு சொல்லும் அறியாத அந்தப் பிள்ளைகளின் மூளை, சீனம் பேசும் பிள்ளைகளின் மூளையைப் போலவே அதற்குப் பதிலளித்தது. 2014-இல் வெளிவந்த முடிவு அது.

ஆக, வேற்றுமை உருபைத் தப்பாகப் போடுகிற, ‘நான் போச்சு’ என்கிற பிள்ளையின் வாயில் ஒலி மட்டும் ஆச்சரியமாக நன்றாக இருக்கும். ஒலிதான் மரபு மொழியினரின் பலமான பக்கம். ஆனால் கேட்கிற நாங்கள் இலக்கணத் தவறைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஒலியில் இருக்கும் சில மில்லி செக்கன் நகர்வைத்தான் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். காது அப்படிப்பட்டது.

சந்திக்கிற எல்லா மொழிகளும் ஒரே மாதிரி மாறிவிடும் என்றும் இல்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் நவோமி நாகி பல ஆண்டுகளாக நகரின் மரபு மொழிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்து வருகிறார். அலெக்ஸி கொச்செத்தோவும் அவரும் சேர்ந்து இத்தாலிய, ரஷ்ய, உக்ரேனியக் குடும்பங்களின் மூச்சு இடைவெளியை அளந்தார்கள். ரஷ்ய, உக்ரேனியப் பேச்சு தலைமுறைக்குத் தலைமுறை ஆங்கிலப் பக்கம் நகர்ந்திருந்தது. இத்தாலிய வல்லினம் நகரவில்லை. நகரம் ஒன்று, சுற்றியிருக்கும் ஆங்கிலம் ஒன்று. இருந்தும் முடிவு வேறு. ஆங்கிலத்தின் பலத்தைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது. யார் யாரோடு கதைக்கிறார்கள், எந்தப் பேச்சுக்கு எங்கே மதிப்பிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

மேற்கு லண்டனின் சவுத்தோல் பகுதிப் பஞ்சாபிகள் எதிர்த்திசையைக் காட்டுகிறார்கள். தேவயானி சர்மாவும் லாவண்யா சங்கரனும் 2011-இல் எழுதிய ஆய்வில், லண்டனிலேயே பிறந்த இரண்டாம் தலைமுறையினரின் ஆங்கிலத்தில் பஞ்சாபியின் வளைநா ஒற்று ஒலித்தது. லண்டன்காரரின் ஒலி வாயில் வராததால் இல்லை. கேட்பவர் யார் என்பதைப் பார்த்து அவர்களால் இரண்டையும் மாற்ற முடிந்தது; குறிப்பாக மூத்தவர்களிடம் அந்த மாற்றுத்திறன் பெரிது. இனவாதத்துக்கு நடுவில் வளர்ந்து, வீட்டிலும் கடையிலும் ஊரோடும் தொடர்பு வைத்திருந்த அவர்களுக்கு இரண்டு பேச்சும் தேவையாக இருந்தது. அடுத்து வந்த இளையவர்களிடம் அந்த ஒலி குறைந்தது. அதாவது, சில ஒலிகளைப் பிள்ளைகள் இழக்கவில்லை. எங்கே எடுத்து வைப்பது, எங்கே எடுத்துக் காட்டுவது என்று தீர்மானிக்கிறார்கள்.

இந்தத் தீர்மானத்தில் அம்மம்மாவின் சிரிப்புக்கும் பங்கு உண்டு. அவர் பாசத்தோடுதான் சிரிக்கிறார். “ஐயோ, என்ர செல்லம் வெள்ளைக்காரி மாதிரிக் கதைக்குது.” ஐந்து வயதில் பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். பன்னிரண்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கும். பேசாத வாய்க்குப் பழக்கம் குறைய, நகர்வு இன்னும் கூடும். அடுத்த தடவை சிரிப்பதற்கு இன்னும் அதிகம் கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளையாய்ப் பிறந்தவர்களிடம் இது இன்னும் வேகம், ஏனென்றால் மூத்தது பள்ளிக்கூடத்திலிருந்து ஆங்கிலத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தம்பி தங்கைகளோடு தமிழில் கதைக்க ஆள் அம்மா அப்பா மட்டும்தான்.

தமிழ் வகுப்பில் இதற்குச் செய்யக்கூடியது இருக்கிறது, அதுவும் பெரிய செலவில்லாதது. ழகரத்துக்கு ஒரு மாதம் செலவழிக்கிற நேரத்தில், ஒரு நாள் கடதாசித் துண்டைக் கையில் கொடுத்து ‘ஸ்பூன்’ சொல்லவைத்து, பிறகு ஸகரத்தை விழுங்கிவிட்டுப் ‘பூனை’ சொல்லவைக்கலாம். ‘சிற்றி’யை நாலு தரம் சொல்லவைத்து, அந்த நாக்குத் தட்டை அப்படியே ‘மரம்’ என்பதற்குள் கொண்டுவரலாம். புது ஒலி ஒன்றையும் கற்பிக்க வேண்டியதில்லை. இருப்பதை அறை மாற்றி வைத்தால் போதும். நாக்கை வளைக்கிற டகரம் மட்டும் உண்மையான வேலை. அதற்கு ஏமாற்று வழி ஒன்றும் என்னிடம் இல்லை.

கனடாவிலேயே பிறந்தவர்கள் தங்கள் நகரத்தின் பெயரைச் சொல்லும்போது இரண்டாவது ‘ரி’யைச் சொல்வதே இல்லை, அது ‘ரொறானோ’ என்றுதான் கேட்கும். அந்த விழுங்கப்பட்ட ஒலிக்குத்தான் நாங்கள் கவனமாக ‘ன்ர’ போட்டு எழுதி வைத்திருக்கிறோம். தமிழ் வகுப்பில் புதிதாக எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய சிறுமி ஒருத்தி, உள்ளூர்ப் பத்திரிகையின் தலைப்பில் அந்தப் பெயரை விரல் வைத்து வாசித்தாள். மூன்று இடத்திலும் நல்ல கனடிய ‘ஆர்’, ஒன்றுக்கும் நாக்குப் படவில்லை. வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்து, அது ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.